அடுப்புக்கு விடுமுறை

சென்ற வியாழக்கிழமை மழையில், திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் படிகளில் யாரோ ஒரு பழைய சாக்கை விரித்துப் போட்டிருந்தார்கள், எவரும் வழுக்கி விழக் கூடாதென்று. எத்தனையோ செருப்புகள் மிதித்து ஊறிக் கிடந்த அந்தச் சாக்கிலிருந்து எழுந்த மணம் என்னை நடுப்படியில் நிறுத்திவிட்டது. பின்னால் வந்தவர், “இங்க நின்னுகினா எப்டிமா, ஏறு, இல்ல எறங்கு” என்று சொல்லிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனார். நியாயமான பேச்சு. நான் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூன்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நின்றுகொண்டிருந்தேன்.

நனைந்த சாக்குக்கு அப்படியென்ன மணம் என்று நீங்கள் கேட்கக்கூடும். சணல், மண், அழுகத் தொடங்கிய பூக்காம்பு. கஸ்தூரி அக்காவின் பூக்கூடை மேல் எப்போதும் அப்படியொரு ஈரச் சாக்கு கிடக்கும். மயிலாப்பூரில் என் சித்தப்பா குடியிருந்த அடுக்ககத்தின் வாயிற்கதவை ஒட்டி அவர் உட்கார்ந்திருப்பார். நான் சனிக்கிழமைதோறும் அவரைக் கடந்துதான் மாடியேறுவேன்.

நான் ஈப்போவில் பிறந்தவள். தமிழ் இலக்கியம் முதுகலை படிப்பதற்காகச் சென்னைக்கு வந்தவள். முதல்நாள் விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, “தமிழ் படிக்கவா? இங்க இருக்கற புள்ளைங்கல்லாம் அந்தப் பக்கம் ஓடுது, நீ இந்தப் பக்கம் வர்றியேம்மா” என்று இரக்கத்தோடு முத்திரை குத்தினார். தரமணிக்கு அருகே விடுதி. வாரக் கடைசியில் மயிலாப்பூர். உறவுமுறையைச் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா கப்பலேறினார். அவருடைய தம்பி ஏறவில்லை. ஏறாத தம்பியின் மகன்தான் சித்தப்பா. இரண்டு தலைமுறை கடல் தாண்டி வாழ்ந்தும் நாங்கள் பங்காளிகள். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் மற்ற வீட்டுக்கும் தீட்டு. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சித்தி நினைத்திருந்தார். ஓரளவுக்கு அது உண்மையும்கூட.

விடுதியில் நான் பேசாதவள் என்று பெயரெடுத்திருந்தேன். மயிலாப்பூரில் அப்படி இருக்க முடியாது. சித்தி மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டு நான்காவதற்குப் பதில் எதிர்பார்ப்பார். பதினொன்றாம் வகுப்பில் படித்த அவர் மகள் தாரிணி, என் மலேசியத் தமிழை எனக்கே பேசிக்காட்டுவாள். “பசியாறிட்டியா லா” என்று அவள் இழுத்துச் சொல்வதைக் கேட்டால் ஈப்போவே சிரித்திருக்கும்.

‘பசியாறுவது’ எங்கள் பக்கத்துச் சொல். காலை உணவு உண்பதை அப்படிச் சொல்வோம். என் பெரியப்பா அதை மதியத்திலும் மாலையிலும் சொல்வார். அவர் அப்பாவின் அண்ணன். பள்ளிப் பேருந்து ஓட்டுநர். எங்களுக்கு அடுத்த வீடு. அவருடைய மஞ்சள் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த சன்னலோர இருக்கை பதினோரு வருடம் எனக்குரியதாக இருந்தது. வேறொரு பிள்ளை அதில் உட்கார்ந்தால், கண்ணாடியில் பார்த்து ஹார்ன் அடிப்பார். நான் சென்னைக்கு வந்த பிறகு சனிக்கிழமைதோறும் ஒரு குரல் பதிவு அனுப்புவார். “பசியாறிட்டியாம்மா?” என்று தொடங்கும். பிறகு பேருந்து, மழை, எதிர்வீட்டு நாய் பற்றிய செய்திகள் வரும். முடிக்கத் தெரியாமல், “சரி… சரிம்மா… சரி” என்று மூன்று தடவை சொல்லி அணைப்பார்.

நான் சொல்லவந்த வாரக் கடைசியில் அந்தப் பதிவு வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை பேருந்தை நிறுத்திவிட்டு இறங்கியவர் அங்கேயே சரிந்திருக்கிறார். மாரடைப்பு. பெர்த்தில் வேலை பார்க்கும் மகன் வந்துசேர வேண்டும் என்பதற்காக, ஞாயிறு பகல் பதினொன்றரைக்கு எடுப்பதென்று முடிவாயிற்று. அது இங்கே காலை ஒன்பது மணி. எனக்குத் திங்கட்கிழமை கடைசித் தேர்வு. சொன்னால் ஓடிவந்துவிடுவாள், இரண்டு வருடப் படிப்பு வீணாகும், தேர்வு முடியட்டும் என்று அப்பா சித்தப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சித்தப்பா சம்மதித்திருக்கிறார். ஆக, சனி காலையிலிருந்து ஞாயிறு காலை ஒன்பது மணிவரை அவருடைய முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தேன்.

சாதாரண ஓய்வு அல்ல. இன்றும் அதை நினைத்தால் திடுக்கிட்டுப் போகிறேன். அவ்வளவு நல்ல இரண்டு நாள்கள் சென்னையில் எனக்கு அதற்கு முன்பு வாய்த்ததே இல்லை.

சனிக்கிழமை கதவைத் திறந்த சித்தியின் தலைமுடி சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

“தலைக்குக் குளிச்சீங்களா சித்தி? வெள்ளிக்கிழமைதானே குளிப்பீங்க?”

“வேர்வை தாங்கலடி. நீயும் போய்த் தலைக்கு ஊத்திக்கோ. ட்ரெயின்ல யார் யார் மேலயோ உரசிட்டு வந்திருப்ப.”

“காலையிலதான் குளிச்சேன்.”

“பரவால்ல, இன்னொரு தடவை ஊத்திக்கோ. சித்தி சொல்றேன்ல.”

ஊற்றிக்கொண்டேன். வாளியிலிருந்த தண்ணீர் குளிர்ச்சியாக இருந்ததும் நான் ஏதோ பாட்டை முணுமுணுத்ததும் நினைவிருக்கிறது. எவருக்காகக் குளிக்கிறோம் என்று தெரியாமலே அந்தக் குளியலைக் குளித்து முடித்தேன்.

வெளியே வந்தால் கூடத்தில் உணவுப் பொட்டலங்கள் பரப்பியிருந்தன. இட்லி, பொங்கல், பூரி, மூன்று வகைச் சட்னி. எல்லாம் உணவகத்திலிருந்து வந்தவை. சித்தி உணவகச் சாம்பாரைக் கண்டால் முகம் சுளிப்பவர். அதில் பூசணிக்காய் குளித்துவிட்டுப் போயிருக்கிறது என்பார். “என்ன சித்தி விசேஷம்?” என்று கேட்டேன். “ரெண்டு நாளைக்கு அடுப்புக்கு லீவு விட்டிருக்கேன்” என்றார். அப்போதும் நான் சிரித்தேன். பங்காளி வீட்டில் உடலை எடுக்கும்வரை இங்கேயும் அடுப்புப் பற்றவைப்பதில்லை என்பது எங்கள் வகையில் வழக்கம்.

இப்படித்தான் எல்லாமே இருந்தது. விளக்கேற்றவில்லை, ஆகவே சித்திக்கு மாலையில் வேலையில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். வாசலில் கோலம் இல்லை. ஆகவே யாரும் விடியலில் எழவில்லை, நானும் எட்டு மணி தாண்டியும் தூங்கினேன். சித்தப்பா வங்கி அதிகாரி. ஞாயிற்றுக்கிழமைகூட முகம் மழிக்காமல் நாளிதழைத் தொடமாட்டார். அன்று வெள்ளை முள் தெரியும் தாடையோடு சாய்வு நாற்காலியில் கிடந்தார்.

“என்ன சித்தப்பா, தாடி வளர்க்கிறீங்களா?”

“பிளேடு தீந்துபோச்சும்மா.”

“கீழ கடையில இருக்குமே, வாங்கிட்டு வரவா?”

“வேணாம் வேணாம். தோலுக்கும் ஒரு ரெஸ்ட் வேணும்ல.”

தாரிணி என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். தொலைக்காட்சியின் ரிமோட்டை அவளாகவே என் கையில் கொடுத்தாள். இது அந்த வீட்டு வரலாற்றில் முதல்முறை.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பருவத்தில் நான் சமர்ப்பித்திருந்த ஆய்வேட்டின் பொருள், ஒரு பிரதியில் சொல்லாமல் விடப்படுவதை எப்படி வாசிப்பது என்பது. நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். பேராசிரியர் ஓரத்தில் ‘நுட்பமான கவனிப்பு’ என்று எழுதித் திருப்பித் தந்திருந்தார். அந்த ஏடு என் பையில்தான் இருந்தது.

மதியம் சித்தி எங்கள் இருவரையும் பாண்டி பஜாருக்கு அனுப்பிவைத்தார். வழக்கமாகத் தியாகராய நகருக்குப் போவதென்றால் அவர்தான் முதலில் செருப்பு மாட்டுவார். “நீங்க ரெண்டு பேரும் போய் ஜாலியா சுத்திட்டு வாங்க. எனக்கு முதுகு வலி” என்றார். அகலமான நடைபாதையில் நாங்கள் கைகோத்து நடந்தோம். ஒரு கடையில் நீலப் பருத்திச் சுடிதார் ஒன்றை எடுத்து, தாரிணியின் தோள்மேல் வைத்துப் பார்த்தேன்.

“இது உனக்கு. என் பரிசு.”

அவள் அதை மடித்துத் திரும்ப வைத்தாள். “வேணாங்கா. புதுசு இப்ப எடுக்கக் கூடாது.”

“ஏன் கூடாது?”

“அம்மா திட்டுவாங்க.” பிறகு அவசரமாக, “மார்க்கு கம்மியா வாங்கிட்டேன்ல, அதான்” என்றாள்.

பாவம், அந்தப் பெண்ணுக்குப் பொய் வராது. கண்ணில் நீர் கோத்துவிட்டது. மதிப்பெண் குறைந்ததற்காக அழுகிறாள் என்று எண்ணி, அவளைத் தேற்ற இரண்டு ஐஸ்கிரீம் வாங்கினேன். நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற கதையைச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்த ஐஸ்கிரீமைக் கையில் பிடித்தபடி இருவரும் படமெடுத்துக்கொண்டோம். அதைப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். கீழே, ‘இன்னும் உங்க குரல் வரல. கோபமா இருக்கேன். நாங்க பசியாறியாச்சு’ என்று எழுதினேன்.

பெரியப்பாவின் கைப்பேசி அப்போது அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. கூடாரத்தின் கீழே, வந்தவர்கள் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்த நேரத்தில் அது அதிர்ந்திருக்கிறது. அப்பா எடுத்துப் பார்த்திருக்கிறார். இதைப் பல மாதம் கழித்து அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அதற்குப் பிறகு அந்தப் படத்தை நான் திறந்து பார்த்ததில்லை, அழிக்கவும் இல்லை.

மாலையில் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்றேன். திங்கட்கிழமை தேர்வாயிற்றே. சித்தப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னைக்குக் கூட்டம் தாங்காதும்மா. இங்கருந்தே கும்பிட்டுக்கோ, அவருக்குக் கேக்கும்.” பக்தியில் தளர்வு வந்துவிட்டதே இவருக்கு என்று வியந்தேன். இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டேன். என்ன வேண்டினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒப்பிலக்கியத் தாளில் எளிய வினாக்கள் வர வேண்டும் என்று வேண்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டேகாலுக்குச் சித்தி என்னை எழுப்பினார். “கொஞ்சம் காலார நடந்துட்டு வாயேன். குளத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு போ. வரும்போது இட்லி வாங்கிட்டு வந்துரு. கடையில வரிசை நிக்கும். அவசரமில்ல, மெதுவா வா.” அவருடைய குரல் கம்மியிருந்தது. நான் அதை முதுகுவலிக் கணக்கில் எழுதினேன்.

மெதுவாகத்தான் நடந்தேன். குளத்துப் படிகளில் புறாக்கள், நிழலில் கைவீசி நடக்கும் முதியவர்கள், எங்கிருந்தோ வீணைப் பாடம் ஒன்று. எல்லாமும் இதமாக இருந்தன. உணவக வரிசையில் என் முறை வந்தபோது எனக்குப் பின்னால் நின்ற தாத்தாவுக்கு இடம்விட்டு, இன்னும் தாமதித்தேன். பொட்டலத்தோடு வீட்டு வாசலுக்குத் திரும்பியபோது கஸ்தூரி அக்கா சாக்கை விலக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சித்தி நேற்றிலிருந்து பூ வைக்காமல் இருப்பது அப்போதுதான் உறைத்தது. வாங்கிக்கொண்டு போய் மகிழ்விக்கலாம் என்று தோன்றியது.

“இன்னா பாப்பா, நல்லாக்கீறியா? எப்போ வந்த?”

“நேத்துக்கா. ஒரு முழம் குடுங்க.”

முழங்கையில் அளந்து வாழைநாரை அறுத்து என் கையில் கொடுத்தவர், திடீரென்று முகம் மாறிக் கேட்டார். “யாருக்குப் பூ?”

“சித்திக்குத்தான்.”

“உங்க சித்திதான பாப்பா நேத்து காலீல எறங்கி வந்து, பதினாறு நாளிக்கிப் பூ வாணாம்னு சொல்லிச்சு? ஊட்ல தீட்டு கீதாமே.”

“என்ன தீட்டு?”

“மலேசியால பெரிப்பா யாரோ பூட்டாராம். பஸ் ஓட்டுனாராமே.” என் முகத்தைப் பார்த்ததும் அவர் கை கூடைமேல் நின்றுவிட்டது. “உனுக்குச் சொல்லலியா? ஐய, என் வாயி. நீ மேல போ கண்ணு. பூவ இப்டி குடு. இப்ப வெக்கக் கூடாது.”

என் விரல்களைப் பிரித்து அவரே பூவை எடுத்துக்கொண்டார். ‘பூட்டாராம்’ என்ற சொல் ‘போய்விட்டாராம்’ என்பதுதானா என்று மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அதிர்ச்சி என்பது கத்துவது என்று நினைத்திருந்தேன். எனக்கு அது சரிபார்ப்பதாகத்தான் வந்தது. அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதும் மெல்லத் துலங்கியது. செய்தி என் காதுக்கு எட்டாமலிருக்க அப்பா முதல் அம்மாவரை, பெர்த்திலிருந்து கிளம்பிய அண்ணன்வரை எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தார்கள். ஆனால் தினமும் வரும் பூவைக் காரணம் சொல்லாமல் நிறுத்தச் சித்திக்கு மனம் வரவில்லை. தீட்டை மறைத்துப் பூ வாங்குவது பாவம். என்னிடம் மறைப்பது அன்பு. இரண்டையும் அவர் சரியாகவே செய்திருந்தார். பூக்காரியிடம் நானும் பேசுவேன் என்பதை மட்டும் மறந்திருந்தார்.

மூன்று மாடி. கதவைத் திறந்த தாரிணி, “அதுக்குள்ள வந்துட்டியாக்கா?” என்று வழியை மறித்தாள். நான் இட்லிப் பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டு அவளைக் கடந்து நடந்தேன். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து என் அப்பாவின் குரல் கேட்டது. ஈப்போவில் இருக்க வேண்டிய குரல்.

“அஞ்சு நிமிஷத்துல எடுத்துருவாங்க தம்பி. நல்லாப் பாத்துக்க.”

கதவைத் தள்ளினேன். சித்தப்பா கட்டிலுக்குக் கீழே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பவுடர் டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தார். சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், வெளியே சத்தம் வராமல் இருக்க. அந்தச் சிறிய திரையில் பெரியப்பா வீட்டு முற்றமும் நீலக் கூடாரமும் வெள்ளைச் சட்டைகளும் தெரிந்தன. என்னைக் கண்டதும் சித்தப்பா அனிச்சையாகத் தம் உள்ளங்கையை விரித்துத் திரையை மூடினார்.

நான் பெரியவர்களிடம் குரல் உயர்த்தியவள் அல்ல. அன்றும் உயர்த்தவில்லை.

“கையை எடுங்க சித்தப்பா.”

“அம்மா, நாளைக்கு உனக்குப் பரிட்ச…”

“கையை எடுங்க.”

எடுத்தார்.

“யாரு பக்கத்துல?” என்று திரையிலிருந்து அப்பா கேட்டார். நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். “பாப்பாவா? யாருலா சொன்னா அவகிட்ட?”

“அப்பா, என்னைப் பெரியப்பாகிட்ட கொண்டு போங்க.”

அப்பா அழத் தொடங்கினார். கைப்பேசி ஆடியது, கூடாரத் துணி, யாருடைய தோளோ, தரையில் கிடந்த செருப்புகள். பின்னால் பறை அதிரத் தொடங்கியிருந்தது. “நிறுத்துங்கலா, ஒரு நிமிஷம், என் மக பாக்கணும்” என்று அப்பா யாரிடமோ கத்தியது கேட்டது. அப்பா கத்தி நான் கேட்டதே இல்லை. பிறகு கைப்பேசி ஒரு கண்ணாடிமேல் தாழ்ந்தது. பெட்டியின் மூடி கண்ணாடியால் ஆனது. அதில் நீலக் கூடாரம் பிரதிபலித்தது. உச்சிவெயில் ஒரு வெள்ளைப் பட்டையாக விழுந்திருந்தது. நடுவே கைப்பேசியைப் பிடித்திருந்த அப்பாவின் முகமே கவிழ்ந்து தெரிந்தது, வாய் கோணி, அழுதபடி. அதற்கு அடியில் எங்கோ பெரியப்பா இருந்தார்.

“தெரியுதாம்மா? முகம் தெரியுதா?”

நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். வெள்ளையாக ஏதோ ஒன்று. வேட்டியாக இருக்கலாம், பூவாக இருக்கலாம். அப்பாவுக்குப் பின்னால் ஆட்கள் பெட்டியைத் தூக்கக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

“தெரியுதுப்பா. நல்லாத் தெரியுது.”

“பாத்துக்கம்மா. பாத்துக்க.”

“பாத்துட்டேன்ப்பா.”

தூக்கினார்கள். திரை இருண்டது. சித்தி எழுந்துபோய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, அடுப்பைப் பற்றவைத்து, எல்லோருக்கும் காபி கலந்தார். என் எதிரே டம்ளரை வைத்துவிட்டு, “என்னைத் திட்டிடுடி, பேசாம மட்டும் இருக்காத” என்றார். நான் திட்டவில்லை. பேசவும் இல்லை. மறுநாள் தேர்வு எழுதினேன்; தேறினேன். ஒரு வினாகூட நினைவில்லை.

சித்தப்பாவின் அடுக்ககம் இப்போது இல்லை. இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். அவர்கள் பெருங்குடிப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டார்கள். கஸ்தூரி அக்கா உட்கார்ந்த இடத்தை மெட்ரோ வேலைக்கான தகரத் தடுப்பு எடுத்துக்கொண்டது. எங்கே போனார் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. மஞ்சள் பேருந்து பழைய இரும்புக்குப் போயிற்று. பெரியப்பாவின் எண் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அதில் இப்போது தெரியாத குழந்தை ஒன்றின் படம் இருக்கிறது. நான் தரமணியிலேயே ஆய்வு மாணவியாகத் தொடர்கிறேன். சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போகிறேன்.

அப்பா மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். கட்டுரைகளின் பக்கம் வரமாட்டார். அந்தத் துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன். பெரியப்பாவின் நினைவுநாளில் ஆண்டுதோறும் அவர் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்பார். “அன்னிக்கு முகம் நல்லாத் தெரிஞ்சிச்சில்லம்மா?” நான் தெரிந்தது என்பேன். எப்படி இருந்தார் என்பார். தூங்குகிற மாதிரி இருந்தார் என்பேன். இந்த ஆண்டு அது போதவில்லை. அவர் இன்னும் எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தார். எதையாவது சேர்க்க வேண்டுமென்று, “மீசையைக்கூட அழகாச் சீவியிருந்துச்சுப்பா” என்றேன்.



“நான்தாம்மா சீவுனேன்” என்றார் அப்பா. “யாருமே கவனிக்கலன்னு நெனச்சேன்.”